கோதுமை படாத இலை

"உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்திருக்கிறதா?"

டப்ளினில் ஒரு மருத்துவர் எங்களிடம் கேட்ட கேள்வி இது. நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இல்லை என்றோம். சென்ற ஆவணியில் திண்டிவனம் பக்கம் போய்வந்த பிறகு, அந்த 'இல்லை' சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

என் மகள் கயலுக்கு எட்டு வயது. அவளுக்கு இருப்பது சீலியாக். கோதுமை, பார்லி முதலியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால், அவள் உடம்பு தன் குடலையே எதிரியாக நினைத்துத் தாக்க ஆரம்பித்துவிடும். இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுள் முழுவதும் அதைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். ரொட்டி நறுக்கிய கத்தியால் அவளுக்கு ஆப்பிள் நறுக்கக்கூடாது. அந்த அளவுக்குக் கவனம் வேண்டும்.

டப்ளினில் இது பழகிவிட்டது. ஒவ்வொரு பொட்டலத்தின் பின்னாலும் எழுதியிருப்பார்கள். பயமெல்லாம் பயணத்தில்தான். கணவரின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். கணவருக்குப் புது வேலை, விடுப்புக் கிடைக்கவில்லை. குடும்பத்தின் சார்பில் யாராவது போக வேண்டும் என்பதால் நானும் கயலும் கிளம்பினோம். கயல் டப்ளினிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு அப்பாவின் ஊர்தான் வெளிநாடு. எனக்கும் அப்படித்தான் என்று சொல்லலாம். நான் பிறந்தது திருச்சி. கணவரின் ஊரில் இரண்டு நாளுக்கு மேல் தங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை சென்னையில் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். டாக்சிக்கு 3,800 ரூபாய், சுங்கம் தனி. கல்யாண வீட்டில் நேராகப் போய் இறங்கினால் சமையலறை நம் கையில் இருக்காது என்று, முதல் நாள் இரவுக்கு விழுப்புரத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தோம். வாடகை 1,400. என் பெட்டியில் ஒரு சின்ன மின்சாரக் குக்கர், கயலின் தட்டு, கரண்டி, பத்து நாளைக்கான பிஸ்கட்.

டிரைவர் ஏழுமலை திண்டிவனத்துக்காரர். மதுராந்தகம் ஏரி தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார்.

"பாப்பா ஒண்ணும் சாப்பிடலீங்களே. மேல்மருவத்தூர்ல நிறுத்தட்டா? ரவா தோசை நல்லா இருக்கும்."

"அவளுக்குக் கோதுமை ஆகாதுங்க."

"ரவை கோதுமை இல்லீங்களே!"

"ரவை கோதுமைதாங்க. சேமியாவும் அதுதான். மைதாவும் அதுதான்."

"இன்னாங்க இது, மைதாவ மரவள்ளிக் கெழங்குலதான பண்றாங்க?" என்று கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "அப்ப இவ்ளோ நாளா நான் பரோட்டான்னு கோதுமையத்தான் துன்னுக்கினு இருக்கனா? சுகருக்குச் சப்பாத்தி துன்னச் சொன்னாரு டாக்டரு. நான் பரோட்டாவே துன்னுட்டுப் போயிருப்பேனே!"

கயலுக்கு அவர் சிரித்த சிரிப்புப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ரவையைக் கோதுமை என்று அறியாத ஊரில், கோதுமை வேண்டாம் என்று சொல்லி என்ன பயன்?

விழுப்புரத்தில் மதியம் ஒரு சைவ உணவகத்துக்குப் போனோம். போகிறவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். இட்லியும் சோறும் அரிசிதான், ஆனால் சாம்பாரிலும் ரசத்திலும் தாளித்த தயிர்சாதத்திலும் பெருங்காயம் இருக்கும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். தோசை அரிசிதான், ஆனால் அதே கல்லில் காலையில் ரவா தோசை, மாலையில் பரோட்டா. பரிமாறிய தம்பியிடம் பெருங்காய டப்பாவைக் காட்டச் சொன்னேன். எடுத்து வந்தார். கோதுமை மாவு என்று பொடி எழுத்தில் இருந்தது.

"டப்பாவக் காட்டுன்னு கேட்ட மொத ஆளு நீங்கதாங்க. முந்தா நேத்து சாப்பாட்டச் செக் பண்ண ஆபீசருங்க வந்தாங்க, அவங்ககூடக் கேக்கல" என்றார்.

கயல் அன்று வெறும் சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டாள். மற்றவர்களின் இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் சென்னைப் பக்கமாகத் திரும்பி வந்து, திண்டிவனம் பேருந்து நிலையத்தருகே மலர் அக்காவைச் சந்தித்தோம். மலர் அக்கா என் ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி. கல்யாணப் பையனின் அம்மா. கயலைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார்.

"இன்னா சுதா, புள்ள இப்படி எளச்சிக் கெடக்குது? அங்க சோறு போடுவாங்களா மாட்டாங்களா?"

ஒரு துணிக்கடைக்குள் கூட்டிப்போனார். பெண் குழந்தைக்குப் பாவாடை சட்டை கேட்டார். கடைக்காரர் வயது கேட்க, "எட்டு" என்றார். மஞ்சள் பாவாடை, பச்சைச் சட்டை. "செத்த நில்லு கண்ணு" என்று கயலைத் திருப்பி, சட்டையை அவள் முதுகில் வைத்து இரு தோளையும் அளந்து பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை.

"பெரியம்மா, எனக்கா?" என்றாள் கயல்.

"உனக்கு வேற எடுக்கலாம் வா." 640 ரூபாய் கொடுத்து மஞ்சள் துணியைத் தனியாகக் கட்டச் சொன்னார். கயலுக்கு நீலத்தில் ஒரு கவுன் வாங்கினார். பெண் வீட்டில் யாரோ குழந்தை இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர், மயிலம் போகும் வழியில் பிரியும் சாலையில், திண்டிவனத்திலிருந்து அரை மணி நேரம். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலைக்கு அங்கே அதுதான் பெயர். வீடு முழுக்க உறவினர். என் பேச்சை எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். கயலுக்குத் தனிப் பாத்திரம், தனி அடுப்பு என்றபோது ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. தலையாட்டினார்கள். அதுவே எனக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. டப்ளினில்கூட இதற்கு இரண்டு கேள்வியாவது வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் அது நடந்துவிட்டது. கயல் கூடத்தில் உட்கார்ந்து எதையோ குடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் மலர் அக்கா.

"அக்கா, என்ன அது?"

"கஞ்சிம்மா. ஒடம்புக்கு முடியாத புள்ளைக்குப் பத்தியமா இருக்கட்டும்னு சம்பா கோதுமைய ஒடச்சி, உப்புகூடப் போடாம காய்ச்சினேன். பயப்படாத, உன் குக்கர்லதான் வெச்சேன். வேற யார் பாத்திரமும் படல."

தம்ளரைப் பிடுங்கினேன். பாதிக்கு மேல் போயிருந்தது.

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. இந்தப் பக்கத்தில், ஏன், தமிழ்நாடு முழுவதுமே நோயாளி என்றால் கோதுமைக் கஞ்சிதான். பத்தியம் என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாகக் கோதுமையிடம் போகிறது. தனிப் பாத்திரம் என்பது புரிந்திருக்கிறது, எதிலிருந்து தனி என்பதுதான் போய்ச் சேரவில்லை. நான் சரியாகச் சொல்லவில்லையோ? 'கோதுமை' என்று சொன்னேனா, அல்லது 'குளூட்டன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேனா? எனக்கே சந்தேகமாக இருந்தது.

மதியத்துக்குள் கயல் வாந்தியெடுக்கத் தொடங்கினாள். வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. மறுநாள் காலையில் நின்றது, ஆனால் வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். இளநீர் மட்டும். சோறு வேண்டாம், பழம் வேண்டாம், நான் கொண்டுவந்த பிஸ்கட்டும் வேண்டாம். "வேணாம்மா, பயமா இருக்கு" என்றாள். சாப்பாட்டைப் பார்த்து அவள் பயந்தது அதுதான் முதல் முறை. என்னுடைய பயம் அவளுக்குத் தொற்றிவிட்டது என்று நினைத்தேன். என் குக்கரும் போயிற்று. அதன் மூடியின் ரப்பரிலும் ஓரங்களிலும் ஒட்டியதை எவ்வளவு தேய்த்தாலும் நம்ப முடியாது.

அந்தத் திங்கட்கிழமை மாலை நாலு மணி இருக்கும். வெந்நீர் வைக்க அடுப்புத் தேடி வீட்டின் பின்பக்கம் போனேன். வேப்பமரத்தடியில் மூன்று கல் வைத்துப் புதிதாக மண் பூசிய அடுப்பு. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த சின்னச் சின்ன மண்சட்டிகள், ஒரு புது அகப்பை. எல்லாமே ஒரே ஒரு ஆளுக்குச் சமைக்கிற அளவு. மலர் அக்கா உரலில் பச்சரிசி இடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சட்டியைத் தொடப்போனேன்.

"தொடாத சுதா! அது தனி."

கையை இழுத்துக்கொண்டேன்.

"கோதுமை பட்ட கைகூட அதுல படக்கூடாது. மில்லுல அரைச்ச மாவு ஆவாது, அங்க எல்லாத்தையும் அரைப்பாங்க. அதான் ஊட்லயே இடிக்கிறது. கடையில வாங்கின பொடி, பெருங்காயம் எதுவும் ஆவாது. ஊட்டு அடுப்புல ஆவாது."

கயலுக்கு நோய் தெரிந்த இந்த இரண்டு வருடமாக நான் ஊரெல்லாம் சொல்லி, எழுதிக் காட்டி, கெஞ்சியும் யாருக்கும் முழுதாகப் புரியவைக்க முடியாத விதிகள். ஒன்றுவிடாமல் அப்படியே சொல்கிறார். நேற்றுக் கோதுமைக் கஞ்சி காய்ச்சிய அதே மலர் அக்கா. கயலுக்காகத்தான் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கயலுக்கா அக்கா?"

உலக்கையை நிறுத்தினார். "பாப்பாவுக்கு இல்லம்மா. அஞ்சலைக்கு."

அஞ்சலை எங்கள் மாமனாரின் அக்கா. எட்டு வயதில் இறந்துபோனவள். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அப்படி இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் அதற்கு முன் அவளுக்குப் புதுத்துணி வைத்துப் படையல் போட வேண்டும். எனக்கு இது எதுவுமே தெரியாது. என் கல்யாணத்துக்கு முன்னும் போட்டிருப்பார்கள். யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"கோதுமை ஏன் ஆகாது அக்கா?"

"நான் பாத்ததில்ல, மாமியாரு சொன்னதுதான். பள்ளிக்கோடத்துல கோதுமை உப்புமா போடுவாங்களாம். எல்லாப் புள்ளைங்களும் துன்னும், ஒண்ணும் ஆவாது. இவளுக்கு மட்டும் வாந்தி, பேதி. கையி காலு குச்சியாட்டம், வயிறு மட்டும் பானையாட்டம் ஆயிடிச்சாம். சவலைன்னாங்க, காத்து கருப்புன்னாங்க, மந்திரிச்சாங்க. தெம்பு வரட்டும்னு ஊட்லயும் கோதுமையையே காய்ச்சி..."

அங்கே நிறுத்தினார். உலக்கையைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய கஞ்சி அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, போயிட்டா. செத்தப்புறம் அவங்கம்மா கனவுல வந்தாளாம். 'கோதுமைய வெக்காதம்மா, வயிறு வலிக்குது'ன்னாளாம். அதுலருந்து இப்படித்தான். அவளுக்குத் தெரியாத பொருளு எதுவும் அவ எலையில வைக்கறதில்ல."

குச்சிக் கை கால், பானை வயிறு. நோய் தெரிவதற்கு முன் கயலை எடுத்த படங்கள் என் போனில் இருக்கின்றன. அவற்றைக் காட்டவில்லை. சீலியாக் ரத்த உறவில் வரக்கூடியது என்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

விளக்கு வைக்கும் நேரத்தில் உள்ளறையில் படையல் போட்டார்கள். ஒரே ஒரு வாழையிலை. சோறு, முருங்கைக்கீரை, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, வெல்லம் சேர்த்து இடித்த மாவுருண்டை, வறுத்த மல்லாட்டை. சமைத்தது முழுவதும் இலைக்கு வந்துவிட வேண்டும், சட்டியில் மிச்சம் வைக்கக்கூடாதாம். இலைக்குப் பக்கத்தில் மஞ்சள் பாவாடை, பச்சைச் சட்டை. கயல் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அது என் அளவு."

கற்பூரம் காட்டியதும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். உள்ளே பல்லி சத்தம் கேட்டால் அவள் சாப்பிட்டுவிட்டாள் என்று அர்த்தமாம். கூடம் நிறைய ஆட்கள், ஆனால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சமையல்காரர் பாத்திரம் உருட்டியதை யாரோ போய் நிறுத்தினார்கள். எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பல்லி சொல்லியது.

கதவைத் திறந்தார்கள். இலை அப்படியே இருந்தது. கயல் எல்லோருக்கும் முன்னால் போய் இலையெதிரில் நின்று, "அம்மா, பசிக்குது" என்றாள்.

இரண்டு நாளில் முதல் முறையாகக் கேட்கிறாள். நான் கணவரின் அண்ணனைப் பார்த்தேன், அவர் மலர் அக்காவைப் பார்த்தார்.

"அது மட்டும் வேணாம்மா" என்றார் மலர் அக்கா மெல்ல. "பொட்டப் புள்ளைங்க அந்த எலையில சாப்பிடறதில்ல. மாட்டுக்குத்தான் வைப்போம்."

"ஏங்கா?"

"தொணைக்குக் கூட்டிக்குவான்னு சொல்லுவாங்க."

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சேர்த்து என் மகள் பயமில்லாமல் சாப்பிடக்கூடிய ஒரே சமையல் அந்த இலையில் இருந்தது. தனி அடுப்பு, தனிச் சட்டி, வீட்டில் இடித்த மாவு, பெருங்காயம் இல்லை, மில் இல்லை. டப்ளினில்கூட இவ்வளவு சுத்தமாக யாரும் சமைத்துத் தந்ததில்லை. கோதுமையைப் பற்றிய பயம் எனக்குத் தெரிந்த பயம், அதற்குப் பரிசோதனை உண்டு. இந்த இன்னொரு பயத்தை நான் நம்பவில்லை. நம்பவில்லை என்றால் ஏன் என் கை நீளவில்லை?

"அம்மா, பசிக்குது."

மலர் அக்கா சட்டென்று இலைமுன் உட்கார்ந்தார். எதிரில் யாரோ இருப்பதுபோல, அதட்டலும் கெஞ்சலுமாகப் பேசினார்.

"தே அஞ்சல, உன் தம்பி பேத்திதான். பசின்னு கேக்குது. உனக்கு இருக்கற அதே பேஜாருதான் இதுக்கும். வுட்டுக் குடு. புள்ளைய ஒண்ணும் பண்ணிடாத. அடுத்த தடவ உனக்கு ரெண்டு சேலை... இல்ல, ரெண்டு பாவாட வெக்கிறேன்."

யாரோ சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டார்கள். நான் கயலை உட்காரவைத்து ஒரு வாய் பிசைந்தேன். வாங்கிக்கொண்டாள். இரண்டாவது வாய்க்கு என் கையைத் தள்ளிவிட்டாள்.

"நானே சாப்பிடுறேன். எல்லாரும் வெளிய போங்க. கதவ மூடிடுங்க."

பார்த்ததைச் செய்கிற வயது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வந்தோம். மறுபடியும் கூடத்தில் அதே அமைதி. இந்த முறை உள்ளே இருந்தது என் மகள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பல்லி எப்போது சொல்லும் என்று காத்திருந்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அது சொல்வதற்கு முன்பே கயல் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இலை சுத்தமாக இருந்தது. இடது ஓரத்தில் மட்டும் ஒரு பிடி சோறு.

அன்று அவளுக்கு வாந்தி இல்லை, வயிற்றுவலி இல்லை. மறுநாளிலிருந்து கிளம்பும்வரை மலர் அக்கா அஞ்சலையின் சட்டிகளிலேயே கயலுக்குச் சமைத்தார். புதன்கிழமை திண்டிவனம் மண்டபத்தில், முந்நூறு பேர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்க, கயல் மணமகள் அறையில் தூக்குப்பாத்திரத்தைத் திறந்து கீரைச்சோறு சாப்பிட்டாள். அறைக் கதவைச் சாத்தச் சொன்னாள். கூட்டத்துக்கு வெட்கப்படுகிறாள் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஏழுமலையின் வண்டியிலேயே கிளம்பினோம். மலர் அக்கா ஒரு பை மல்லாட்டை கொடுத்தார். சட்டிகளை இனிப் பரணில் ஏற்றப்போவதில்லை, பாப்பா எப்போது வந்தாலும் தயாராக இருக்கும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். நெடுஞ்சாலைக்கு வந்து சேரும்வரை கயலின் கையை நான் விடவில்லை.

டப்ளினுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. இங்கே எல்லாம் எழுதியிருக்கிறது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கயலுக்கு நெடுநாளைக்குப் பிறகு எடை கூடியிருக்கிறது. சாப்பிட அடம்பிடிப்பதில்லை, சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படுவதில்லை. ஒரே ஒரு நிபந்தனை. நாங்கள் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்த வேண்டும். ஒவ்வொரு வேளையும் தட்டின் இடது ஓரத்தில் ஒரு பிடி மிஞ்சுகிறது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

கணவர் குழந்தை விளையாட்டு என்கிறார். மலர் அக்காவிடம் போனில் சொன்னேன். "சாப்பிடுதா? அப்ப வுடு" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

இதைப் படிப்பவர்களில் இரண்டு வகையினர் எனக்கு உதவலாம். சீலியாக் உள்ள குழந்தையை வளர்க்கும் பெற்றோர்: நோயால் சாப்பாட்டுக்குப் பயந்த பிள்ளைகளுக்கு இப்படித் தனியாகச் சாப்பிடும் பழக்கம் வருமா, தானாகப் போகுமா? விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் பூவாடைக்காரிக்குப் படையல் போடும் வீட்டார்: உயிரோடிருக்கும் பிள்ளை அந்த இலையில் சாப்பிட்டுவிட்டால் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா? சிரிக்காமல் சொல்லுங்கள், நானும் படித்தவள்தான். தினமும் மாலை ஆறரைக்கு நான் அந்தக் கதவுக்கு வெளியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் மகள் உள்ளே நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். திறக்கலாமா?